ஆளுக்கு ஒரு தந்தி

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. அன்று மதியம் நாமக்கல்லில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

பரமத்தி ரோட்டிலும் திருச்செங்கோடு ரோட்டிலும் வரிசையாக லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். மரம் இழைக்கும் சத்தம், வெல்டிங் சத்தம், புது வண்டியின் ஹாரனைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் எல்லாம் அதோடு சேரும். அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழாது. நின்றால்தான் விழும்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்களை வரிசையில் நிற்கவைத்து, நேராக வீட்டுக்குப் போங்கள், வழியில் எங்கும் நிற்காதீர்கள் என்றார் தலைமையாசிரியர். காரணம் சொல்லவில்லை. ரோட்டுக்கு வந்தால் கடைக்காரர்கள் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடை அண்ணன்தான் சொன்னார்: "இந்திரா காந்தியச் சுட்டுப்போட்டாங்களாம் தம்பி. வெரசா ஊட்டுக்குப் போ."

தில்லி சப்தர்ஜங் சாலையில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்தில் நடந்து வந்தவரைக் காலை ஒன்பதரை மணிக்குச் சற்று முன்னால் அவருடைய மெய்க்காவலர்கள் இருவரே சுட்டார்கள் என்பதும், இருவரும் சீக்கியர்கள் என்பதும், ஜூன் மாதம் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததன் ஆத்திரம் இது என்பதும் எங்களுக்கு ஒவ்வொன்றாகப் பின்னால் தெரிந்தவை. அன்று ரேடியோவில் பாட்டு நின்று வெறும் வாத்திய இசை வந்துகொண்டிருந்தது. இறந்துவிட்டார் என்று ஆகாசவாணி உறுதியாகச் சொன்னபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அமுச்சி, எங்கள் பாட்டி, ஓவென்று அழுதாள். அவளுக்கு அவர் இந்திராம்மா. எங்கள் ஊர் அதற்கு முன்பே கலங்கித்தான் கிடந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அக்டோபர் தொடக்கத்திலிருந்து சென்னை அப்போலோவில் படுத்திருந்தார். ஆஞ்சநேயர் கோயிலில் அவருக்காக வேண்டாத நாளில்லை. அவரை மருத்துவமனையில் வந்து பார்த்துவிட்டுப் போன இந்திரா காந்தியே அதே மாதத்தில் போய்விட்டார் என்பதை அமுச்சியால் ஏற்கவே முடியவில்லை. பார்க்க வந்தவங்க போயிட்டாங்களே, படுத்திருக்கிறவரு என்ன ஆவாரோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மா அழவில்லை. என்னைக் கூப்பிட்டாள். "உங்கப்பா இந்நேரம் எங்க போயிருப்பாருன்னு நோட்டப் பாத்துச் சொல்லு கண்ணு."

அப்பா லாரி டிரைவர். பங்குக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, தவணைக்கு எடுத்த ஒரு வண்டியின் பாதிச் சொந்தக்காரரும்கூட. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான லாரி வீடுகளின் கதை இதுதான். மானாவாரி நிலம், கிணற்றில் தண்ணீர் இல்லை. காட்டை விற்றோ அடமானம் வைத்தோ வண்டி எடுத்தார்கள். எழுபதுகளின் நடுவில் நேஷனல் பர்மிட் வந்தது. ஒரு மாநிலத்து வண்டி பல மாநிலங்களில் ஓடலாம் என்று ஆனதும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு ஆட்கள் வடக்கே ஏறினார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இந்தியாவைப் பாடமாக நடத்தினார்கள். வீட்டில் அதே இந்தியா அப்பாவின் அழுக்குச் சட்டைப் பையில் வாடகை ரசீதாக வரும்.

அப்பா ஒவ்வொரு நடை கிளம்பும்போதும் ஊர்ப் பெயர்களைச் சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன். தீபாவளி முடிந்து 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராசிபுரத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கான்பூருக்குக் கிளம்பியிருந்தார். சேலம், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு இங்கே சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாகி வடக்கே போகிறது. நாம் பாயசத்துக்கு மட்டும் எடுப்பதை அவர்கள் விரத நாளில் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டு வாசலை ஒட்டிப் போன ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை அப்போது கன்னியாகுமரிக்கும் வாரணாசிக்கும் இடைப்பட்ட ஒரே கோடு. சேலம், பெங்களூர், கர்நூல், ஐதராபாத், நாக்பூர். நாக்பூருக்கு வடக்கே லக்னாதோன் என்ற இடத்தில் கான்பூர் வண்டிகள் நேர்ப்பாதையை விட்டு சாகர், ஜான்சி பக்கம் திரும்பும். ஆறாவது நாள். அட்லஸில் விரல் வைத்துப் பார்த்தேன். விரல் நாக்பூருக்கு மேலே நின்றது.

"நாக்பூர் தாண்டியிருப்பாரும்மா" என்றேன்.

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த நாள் காலையில் அம்மா புக்கிங் ஆபீஸுக்குப் போனாள். பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை. அன்று அவளுக்கு முன்பே நாலைந்து பெண்கள் வந்து சுவரோரம் குந்தியிருந்தார்கள். எல்லோர் வீட்டு ஆளும் ரோட்டில். வீட்டுக்கு போன் கிடையாது. ஆபீஸிலிருந்து டிரங்க் கால் பதிந்தால் நாக்பூர் கிடைக்கவில்லை, ஐதராபாத் கிடைத்து அங்கேயும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தந்தி ஆபீஸைத் தவிர எதிர்பார்க்க வேறு இடம் இல்லை.

வதந்திதான் முதலில் வந்தது. லாரிகளைக் கொளுத்துகிறார்களாம். சர்தார் வண்டியாகப் பார்த்துக் கொளுத்துகிறார்களாம். இல்லை, எந்த வண்டியாக இருந்தாலும் கொளுத்துகிறார்களாம். சங்ககிரி வண்டி ஒன்று போய்விட்டதாம். அந்தச் சங்ககிரி வண்டி கடைசியில் பொய்யாகத்தான் போனது, ஆனால் அதைக் கேட்ட பெண் ஒருத்தி அங்கேயே மயங்கி விழுந்தது பொய்யல்ல. அம்மா அவளுடைய முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து, சாயந்திரம் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அமுச்சி ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டாள். நாலு நாள் வீட்டில் உலை ஒழுங்காகக் கொதிக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை அரிசியும் பருப்பும் போட்டுப் பொங்கிய சோற்றைக் கிண்ணத்தில் கொண்டுவந்து எனக்கும் அண்ணனுக்கும் கொடுப்பார்.

சேலம் பதிப்புப் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க இந்திரா காந்தியின் உடல், வரிசையில் நின்ற தலைவர்கள், 3-ஆம் தேதி சனிக்கிழமை யமுனைக் கரையில் மகன் மூட்டிய சிதை. நான் தேடியதெல்லாம் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த செய்திகளை. கலவரம், ஊரடங்கு, ராணுவம் அழைப்பு. நாக்பூருக்கு வடக்கே என்று எதுவும் இல்லை.

தந்தி 8-ஆம் தேதி வியாழக்கிழமை வந்தது. நாக்பூரிலிருந்து முந்தின நாள் அடித்தது. ஆங்கிலத்தில் நான்கே சொல். தபால்காரரே வாசித்துப் பொருள் சொன்னார்: ஆள் நலம், வண்டி நலம். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அப்பா ஊர் வந்து சேர அதற்கப்புறமும் பத்து நாள் ஆனது. கான்பூர் போகவில்லை. சரக்கை நாக்பூர் குடோனிலேயே இறக்கச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரப் பருத்தி பேல் கிடைக்கும்வரை காத்திருந்து வந்தார். வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், இரண்டு நாள் தூங்கினார். கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றார்.

சட்டை துவைக்கும்போதுதான் அம்மாவுக்கு அந்த அட்டை கிடைத்தது. சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஒரு கிராமம், ஜில்லா லூதியானா, பஞ்சாப். இது யாருடையது என்று அம்மா கேட்ட பிறகுதான் அப்பா பேசினார். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. அந்த ராத்திரி கொஞ்சம், பொங்கலுக்கு மோகனூர் ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது கொஞ்சம், நான் கல்லூரிக்குப் போன பிறகு கொஞ்சம். சேர்த்துத் தைத்துத்தான் இங்கே சொல்கிறேன்.

லக்னாதோனுக்கு இந்தப்பக்கம் ஒரு தாபா. நடத்தியவர் ஒரு சர்தார். நாமக்கல் வண்டிகள் அங்கே நிற்கும். ஒரு காரணம், குளிக்கத் தண்ணீர் தாராளமாக விடுவார். இன்னொன்று, கையில் காசில்லாவிட்டால் அடுத்த நடையில் கொடு என்பார். 31-ஆம் தேதி மாலை செய்தி தெரிந்ததும் அவரே ரேடியோவை அணைத்து, அடுப்பை அணைத்து, எல்லோரையும் இங்கேயே இருங்கள் என்றாராம். அப்போது நின்றிருந்தவை நாலு தமிழ்நாட்டு வண்டிகள், ஒரு ஆந்திரா வண்டி, ஒரு பஞ்சாப் வண்டி. பஞ்சாப் வண்டியின் டிரைவருக்கு அப்பா வயதுதான் இருக்கும். முந்தின ராத்திரி அதே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்.

மறுநாள் மத்தியானம் வடக்கே புகை தெரிந்தது. டயர் எரியும் புகை எப்படி இருக்கும் என்று எந்த டிரைவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பஞ்சாப் வண்டியைத் தாபாவின் பின்னால் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் நம் வண்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, முகப்பை ரோட்டுக்குக் காட்டி நிறுத்தினார்கள். அந்த இரண்டு சீக்கியர்களும் உள்ளே இருந்தார்கள். மற்றவர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். நாலு நாள்.

எங்கள் தெருவில் இந்தக் கதை பரவியபோது, உங்கப்பா ரெண்டு சர்தாரைக் காப்பாத்தினாராமே என்று கேட்பார்கள். அப்பா அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "நாங்க யாரையும் காப்பாத்துல. அங்க யாரும் வரவே இல்ல. வந்திருந்தா என்ன பண்ணியிருப்போமுன்னு எங்களுக்கே தெரியாது" என்பார். கடைசிவரை இதைத்தான் சொன்னார். நான் கேட்ட வீரக் கதைகள் எல்லாவற்றையும்விட எனக்கு இந்தப் பேச்சின்மேல்தான் மதிப்பு.

5-ஆம் தேதி திங்கட்கிழமை பக்கத்து ஊரில் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன நாளும் அதுதான். அப்பாவும் இன்னொரு டிரைவரும் தபாலாபீஸுக்குப் போனார்கள். அங்கே ஏகப்பட்ட வரிசை. நேரம் முடியப்போகிறது, ஆளுக்கு ஒரு தந்திதான் வாங்குவேன் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அப்பா கையில் இரண்டு முகவரி. ஒன்று நாமக்கல். ஒன்று அந்த சிகரெட் அட்டை. தலைப்பாகையோடு ஊருக்குள் போக முடியாத ஆள் கொடுத்தனுப்பியது.

அப்பா லூதியானாவுக்குத் தந்தி அடித்தார்.

எங்களுக்கு இரண்டு நாள் கழித்து, நாக்பூர் வந்து சேர்ந்த பிறகு. எங்கள் வீட்டில் கூடுதலாகக் கழிந்த அந்த நாட்களின் கணக்கு இது. அம்மா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மிக்கல்லில் அரைத்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "அந்த ஊட்டுலயும் நாலு நாளா ஒல கொதிக்காமத்தானே கெடந்திருக்கும்."

தையில் ஒரு அஞ்சல் அட்டை வந்தது. வண்டிக் கதவில் எழுதியிருந்த எங்கள் முகவரியைப் பார்த்து அந்தப் பஞ்சாப் டிரைவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். முகவரி ஆங்கிலத்தில், செய்தி குர்முகியில். நாமக்கல்லில் அதை வாசிக்க ஆளில்லை. அப்பா அடுத்த நடையில் எடுத்துக்கொண்டு போனார். லக்னாதோன் தாபா பூட்டிக் கிடந்தது. நாக்பூரில் ஒரு டயர்க் கடை சர்தார் வாசித்துச் சொன்னாராம்: தந்தி வந்து ஒரு வாரம் கழித்து நான் வந்தேன், அந்த ஒரு வாரம் என் அம்மா சாப்பிட்டாள்.

அந்தத் தாபா பிறகு திறக்கவே இல்லை.

நடந்தது என்ன என்பதன் முழு அளவு எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்ட கணக்கு. திரிலோக்புரியில், மங்கோல்புரியில், சுல்தான்புரியில் ஆண்களை வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு, கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்தினார்கள். அப்பாவின் லோடு போகவேண்டிய கான்பூரிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களில் டாக்ஸி ஓட்டியவர்களும் லாரி ஓட்டியவர்களும் கைத்தொழில் செய்தவர்களும் ஏராளம். கொலை செய்த காவலர்களோடு அவர்களுக்கு என்ன சம்பந்தம்? தலைப்பாகை ஒன்றுதான். இது தானாகப் பொங்கிய கோபம் அல்ல, திட்டமிட்டு நடத்தப்பட்டது என்று பி.யு.சி.எல்., பி.யு.டி.ஆர். என்ற இரண்டு மனித உரிமை அமைப்புகள் அந்த நவம்பரிலேயே தெருத்தெருவாக விசாரித்து அறிக்கை போட்டன. அதே நவம்பரில், பெரிய மரம் விழுந்தால் சுற்றியுள்ள நிலம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் புதிய பிரதமர், இந்திராவின் மகன் ராஜீவ் காந்தி, கூட்டத்தில் பேசினார். டிசம்பர் தேர்தலில் அவர் கட்சிக்கு 400-க்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. எங்கள் தெருவும் கண்ணீரோடு போய் அவர் கட்சி சேர்ந்த கூட்டணிக்குத்தான் ஓட்டுப் போட்டது. அம்மாவும் போட்டாள். இதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலைவருக்காக அழுத அளவில் நூறில் ஒரு பங்குகூட அந்த டிரைவர்களுக்காக நாங்கள் அழவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து அந்தப் பயம் எங்கள் எண் பலகைமேலேயே வந்து உட்கார்ந்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குள் அப்பா வண்டியைவிட்டு இறங்கி, அண்ணன் ஏறியிருந்தான். அன்று அவன் கர்நூல் பக்கம். செய்தியில் தமிழ்நாடு, இலங்கைத் தமிழர், விடுதலைப் புலிகள் என்ற பெயர்கள் அடிபடத் தொடங்கியதும் அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முன்பு அம்மா உட்கார்ந்த அதே இடம். அங்கே அண்ணன், வண்டியின் முன்கண்ணாடிமேல் தமிழில் எழுதியிருந்த குலசாமி பெயரைச் செய்தித்தாள் ஒட்டி மறைத்து, எண் பலகையில் சேற்றைப் பூசி, பெட்ரோல் பங்க் ஒன்றின் பின்னால் நிறுத்தியிருக்கிறான். தமிழ்நாட்டு வண்டியா என்று சிலர் வந்து கேட்டார்கள். பங்க்கில் வேலை செய்த தெலுங்குக்காரர் ஒருவர், இது நம் வண்டிதான் போங்கள் என்று அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் வீடு வந்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாமி பெயரை நானே மறைச்சேன் என்று சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்தது.

2016 செப்டம்பர் 12-ஆம் தேதியை இன்றைய இளைஞர்களே நினைவு வைத்திருப்பார்கள். காவிரி நீர் உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டு எண் கொண்ட லாரிகள் எரிந்தன. நம் சேலத்து நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் முப்பதுக்கும் மேல் ஒரே பணிமனையில் நின்ற இடத்திலேயே எரிந்து எலும்புக்கூடாயின. காவிரி யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் அந்த டிரைவர்களில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. நாடு துக்கப்படும்போதும் கோபப்படும்போதும் கைக்கு முதலில் அகப்படுகிறவன் வீட்டைவிட்டு வெகுதூரத்தில், ரோட்டோரத்தில் நிற்கிறவன்தான். அவன் தலைப்பாகையோ எண் பலகையோ போதும், அவனை அடையாளம் காட்டிவிடும்.

1984-க்காகப் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2005 ஆகஸ்டில். முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு தில்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பர் 17-ஆம் தேதி. நடந்து முப்பத்து நாலு ஆண்டுகள் கழித்து. அந்தத் தீர்ப்பு வந்தபோது அப்பா இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யாருக்கு என்ன தண்டனை என்று அவள் கேட்கவில்லை. "அந்தத் தாபாக்காரரு என்ன ஆனாருன்னு அதுல போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

போடவில்லை. எந்த விசாரணைக் கமிஷனும் நெடுஞ்சாலையோரத்துத் தாபாக்களை ஒவ்வொன்றாகப் போய் எண்ணிப் பார்க்காது. அதைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அன்று முப்பது வயதில் ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிறது. நாமக்கல்லில், சங்ககிரியில், திருச்செங்கோட்டில், ராசிபுரத்தில், சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் அவர்கள். கேட்டால் முதலில் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வார்கள். விடாதீர்கள். எந்த ரோடு, என்ன லோடு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்லத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.